கிளியர் சேனல்: 1200 வானொலி நிலையங்களை வாங்கிக் குவித்த நிறுவனம் – கெடுத்தது சட்டமா, கடனா?

அலைவரிசை:

அமெரிக்க வானொலியில் கிளியர் சேனல் அளவுக்கு வேகமாகப் பெருத்த நிறுவனம் வேறில்லை. இப்போது அதன் பெயர் ஐஹார்ட்மீடியா. 2018-இல் அது திவாலுக்கு விண்ணப்பித்தபோது, இன்டர்நெட்டும் ஸ்பாட்டிஃபையும் வந்ததால் வானொலி செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிறுவனம் வளர்ந்த விதத்திலேயே கோளாறு இருந்தது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

தொடக்கம் சின்னது. 1972-இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் லௌரி மேஸ் என்ற முதலீட்டு வங்கியாளரும் ரெட் மெக்கோம்ஸ் என்ற கார் வியாபாரியும் சேர்ந்து ஓர் எஃப்.எம். நிலையத்தை வாங்கினார்கள். விலை ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் டாலர். மேஸுக்கு வானொலி அனுபவம் கிடையாது. 1975-இல் அதே ஊரின் டபிள்யூ.ஓ.ஏ.ஐ. என்ற ஏ.எம். நிலையத்தை வாங்கினார்கள். 50,000 வாட் சக்தி கொண்டது அது. இரவில் வேறு நிலையங்களின் குறுக்கீடு இல்லாமல் பல மாநிலங்களுக்குக் கேட்கும்படி ஒதுக்கப்பட்ட இப்படிப்பட்ட நிலையத்தை அங்கே கிளியர் சேனல் என்பார்கள். நிறுவனத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. 1984-இல் பங்குச்சந்தைக்குப் போனது.

அதுவரை, அதற்குப் பிறகும் சில காலம், யாரும் இஷ்டத்துக்கு வாங்கிவிட முடியாது. 1950-களிலிருந்து ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 7 ஏ.எம்., 7 எஃப்.எம். வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. 1980-களில் அது 12-12 ஆனது. 1992-இல் 18-18, 1994-இல் 20-20. அப்புறம் 1996 பிப்ரவரி 8 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. தேசிய உச்சவரம்பை அடியோடு தூக்கிவிட்டார்கள். ஒரே ஊரில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு மட்டும் மிஞ்சியது. அதையும் தளர்த்தி, 45 அல்லது அதற்கு மேல் நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவரே 8 வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்தச் சட்டம் வந்தபோது கிளியர் சேனலிடம் நாற்பதை ஒட்டித்தான் வானொலி நிலையங்கள் இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் 1200-ஐத் தாண்டிவிட்டது. 1999-இல் சின்சினாட்டியின் ஜேகர் நிறுவனத்தை, கடனையும் சேர்த்து, சுமார் 440 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் வந்தன. ரஷ் லிம்பா என்ற வலதுசாரி அரசியல் பேச்சாளரின் நிகழ்ச்சியை நாடெங்கும் விநியோகித்த பிரீமியர் நெட்வொர்க்கும் அதோடு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஏ.எம்.எஃப்.எம். நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தார்கள். கடனையும் சேர்த்து 2350 கோடி டாலர். ஏ.எம்.எஃப்.எம். என்பதே சான்சலர், கேப்ஸ்டார் என்ற இரண்டு குவியல்கள் ஒன்றான குவியல்.

கணக்குப்பிள்ளை:

நல்ல தொடக்கம். விலை எப்படிப் போடப்பட்டது என்பதைச் சொல்லாமல் இது புரியாது என்பதால் நான் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

வானொலி நிலையத்துக்குக் கட்டடம், ஸ்டூடியோ எல்லாம் பெரிய சொத்தில்லை. சொத்து என்றால் உரிமம்தான். அதனால் நிலையத்தின் ஆண்டுப் பண வரவைப் பார்த்து அதன் இத்தனை மடங்கு என்று விலை பேசுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் சொற்ப மடங்கில் கைமாறிய நிலையங்கள், சட்டம் மாறியபின் 15 மடங்கு, அதற்கு மேலும் போயின. போட்டியாளன் வாங்குவதற்குள் நாம் வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லாரிடமும் இருந்தது.

ஊருக்கு ஆறேழு நிலையம் ஒரே கையில் வந்தால் ஆறு விற்பனைக் குழு தேவையில்லை, ஒன்று போதும். ஆறு பொறியாளருக்குப் பதில் ஒருவர், ஆறு கட்டடத்துக்குப் பதில் ஒன்று. விளம்பரதாரரிடமும் விலை பேசும் பலம் கூடும். இந்தச் சேமிப்பு உண்மையானது. ஆனால் அது ஒருமுறைதான் கிடைக்கும். அடுத்த ஆண்டும் வளர்ச்சி காட்ட வேண்டுமானால் இன்னொரு நிறுவனத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். வால் ஸ்ட்ரீட் பங்கு விலையைத் தூக்கிப் பிடித்ததும் இந்த எதிர்பார்ப்பில்தான்.

ஏ.எம்.எஃப்.எம். வாங்கியதில் பெரும்பகுதி ரொக்கம் இல்லை, கிளியர் சேனலின் சொந்தப் பங்குகள். 2000 தொடக்கத்தில் அந்தப் பங்கு 90 டாலரைத் தாண்டி நின்றது. ஏறிய பங்கைக் கொடுத்து ஏறிய விலையில் நிலையங்களை வாங்கினார்கள். சந்தை இறங்கியதும் கணக்கு வெளியே வந்தது. 2002-இல் கணக்கியல் விதி மாறி, வாங்கிய நிறுவனங்களின் நற்பெயர் மதிப்பையும் (சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) உரிமங்களின் மதிப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டிவந்தபோது, 1600 கோடி டாலருக்கு மேல் ஒரேயடியாகத் தள்ளுபடி எழுதினார்கள். 2008-இல் நிறுவனத்தின் மேல் பெருங்கடன் ஏறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. அதனால் ‘கடன்தான் காரணம்’ என்ற தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவைப்போம்.

எதிர்க்காற்று:

இரண்டு பேரும் 1996-க்கு முன்பு எல்லாம் சுபிட்சமாக இருந்தது போல எழுதுகிறீர்கள். அப்படி இல்லை.

1980-களில் எஃப்.சி.சி., அதாவது அமெரிக்க மத்திய தொலைத்தொடர்பு ஆணையம், நூற்றுக்கணக்கான புதிய எஃப்.எம். அலைவரிசைகளுக்கு வழி திறந்துவிட்டது. சிற்றூர்களில்கூட நிலையங்கள் முளைத்தன. விளம்பரக் காசு அதே அளவில்தான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க வணிக வானொலி நிலையங்களில் பாதிக்கு மேல் நட்டத்தில் ஓடின. 1992-இல் ஆணையம் விதிகளைத் தளர்த்தியதே அதனால்தான். பல முதலாளிகள் கடையை மூடும் நிலையில் இருந்தார்கள். அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது, நிலையம் காற்றில் நீடித்தது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஊரில் ஆறு நிலையங்கள் ஆறு முதலாளிகளிடம் இருந்தால், ஆறு பேரும் அதிகம் பேர் கேட்கும் அதே பாட்டு வகையைத்தான் துரத்துவார்கள். ஒரே முதலாளி என்றால் தன் நிலையங்களே ஒன்றையொன்று கடிக்காதபடி ஒன்றில் பழைய பாடல், ஒன்றில் கன்ட்ரி, ஒன்றில் பேச்சு, ஒன்றில் ஸ்பானிய நிகழ்ச்சி என்று பிரித்துக்கொள்வார். கேட்பவருக்கு அது லாபமில்லையா?

டெக்சாஸ்வாசி:

எதிர்க்காற்று சொல்வது ஏட்டில் சரி. அங்கே பல வருடம் வாழ்ந்து கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். வகைகளுக்குப் பெயர்கள் கூடின. ஆனால் ‘ஹாட் அடல்ட்’, ‘அடல்ட் டாப் 40’ என்று பெயர் வேறாக இருக்கும், நிலையத்தை மாற்றினால் அங்கேயும் அதே பாட்டு வரும். பட்டியல்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடந்தன.

அதைவிட எனக்கு உறுத்திய விஷயம் குரல். வாய்ஸ் டிராக்கிங் என்று ஒரு முறை இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்த அறிவிப்பாளர், பத்து ஊர் நிலையங்களுக்கான பேச்சை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கம்ப்யூட்டர் அதைச் செருகிவிடும். ஊர்ப் பெயர், தெருப் பெயர், உள்ளூர் அணி ஆடிய மேட்ச் எல்லாம் சொல்வார். கேட்பவருக்கு நேரலை மாதிரியே இருக்கும். கேப்ஸ்டார் இதற்காக ஆஸ்டினில் ஒரு மையமே நடத்தியது. மென்பொருள் செய்த பிராஃபெட் சிஸ்டம்ஸ், நெப்ராஸ்காவில் ஓகலாலா என்ற சின்ன ஊரைச் சேர்ந்த நிறுவனம். ஏ.எம்.எஃப்.எம். வாங்கப்பட்டபோது இந்த ஏற்பாடு முழுவதும் கிளியர் சேனலின் கைக்கு வந்தது.

ஒரு சூறாவளி எச்சரிக்கை இரவில் உள்ளூர் நிலையம் ஒன்றைப் போட்டேன். பெயர் வேண்டாம். வெளியே சைரன் ஒலிக்கிறது, அறிவிப்பாளர் வார இறுதி எவ்வளவு இனிமையாக இருக்கப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார். பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. உரிமம் கொடுக்கும்போது ‘பொதுமக்கள் நலனுக்காக’ என்றுதானே கொடுக்கிறார்கள்?

மைனாட் நகரத்தில் நடந்தது தெரிந்திருக்கும். 2002 ஜனவரி 18, வடக்கு டகோட்டா. நள்ளிரவுக்குப் பின் சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா வாயு ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலிடம் இருந்தன. காவல்துறை அவசரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது ஆளைப் பிடிக்க முடியவில்லை. மக்கள் வானொலியைப் போட்டால் பாட்டுதான் ஓடியது.

எதிர்க்காற்று:

மைனாட் விஷயத்தில் மறுபக்கத்தையும் பதிவு செய்யுங்கள் நண்பரே. நிலையத்தில் அன்று இரவு ஆள் இருந்தது, காவல்துறைதான் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. அந்தக் கருவி இருப்பதே, யாரையும் தொலைபேசியில் தேடாமல் நேரடியாக ஒலிபரப்பில் குறுக்கிடத்தான். அங்கே தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை.

அலைவரிசை:

ஏற்கிறேன், கருவி விஷயத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என் கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த அளவு சிறிய ஊரில் ஒரே நிறுவனத்துக்கு ஆறு நிலையம் எப்படிக் கிடைத்தது? ஊரின் எல்லையை வைத்து எண்ணவில்லை. எந்தெந்த நிலையங்களின் சிக்னல் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்த்து எண்ணினார்கள். எங்கோ நூறு மைலில் இருக்கும் நிலையமும் கணக்கில் சேர்ந்து, சின்ன ஊர் பெரிய சந்தையாகத் தெரிந்தது. 2003-இல் ஆணையமே இந்த முறை சரியில்லை என்று, நேயர் கணக்கெடுப்பு நடத்தும் ஆர்பிட்ரான் வகுத்த சந்தை எல்லைகளுக்கு மாறியது. அதற்குள் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிவிட்டார்கள், ஏற்கெனவே வாங்கியதை விற்கச் சொல்லவும் இல்லை.

ஏ.எம்.எஃப்.எம். இணைப்பின்போது அமெரிக்க நீதி அமைச்சகம் தலையிட்டு சுமார் நூறு நிலையங்களை விற்க வைத்தது. பெரிய அளவில் யாரோ கையைப் பிடித்தது அந்தத் தடவைதான்.

லௌரி மேஸ் 2003-இல் ஃபார்ச்சூன் இதழுக்குச் சொன்னதை மறக்க முடியாது. செய்தி தருவதோ, நன்கு ஆராய்ந்து தேர்ந்த இசையைத் தருவதோ எங்கள் தொழில் இல்லை, எங்கள் வாடிக்கையாளர்களின் பொருள்களை விற்பதுதான் தொழில் என்ற பொருளில் பேசினார். வெளிப்படையான மனிதர் என்று பாராட்டியவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு, உரிமம் கொடுத்த ஊரைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதற்கான வாக்குமூலமாகத்தான் படுகிறது.

செவ்வந்தி:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கியதாகச் சொல்கிறார்களே, அது எப்படி நடந்தது? அவர்கள் வாங்கிய கடன் ஏன் கிளியர் சேனலின் தலையில் விழுந்தது? நான் வணிகவியல் மாணவி, பாடத்தில் இப்படி ஒரு உதாரணமும் தருவதில்லை.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி அம்மா. 2006 நவம்பரில் பெயின் கேபிடல், தாமஸ் ஹெச். லீ என்ற இரண்டு நிறுவனங்கள் வாங்க ஒப்புக்கொண்டன. இப்படி வாங்கும்போது முதலீட்டாளர் தன் பையிலிருந்து போடுவது சிறு பங்கு. மீதியை வங்கிகளிடம் கடன் வாங்குவார். அந்தக் கடனை வாங்கப்படும் நிறுவனத்தின் பேரேட்டில்தான் எழுதுவார்கள், ஏனென்றால் அதன் வருமானமும் சொத்துமே அடமானம். திருப்பிக் கட்டுவதும் அந்த நிறுவனம்தான். வாங்கியவர் போட்ட பணத்துக்கு மேல் அவருக்கு நட்டமில்லை.

ஒப்பந்தம் முடிவதற்குள் 2007-இன் கடன் நெருக்கடி வந்துவிட்டது. கொடுப்பதாகச் சொன்ன வங்கிகள் பின்வாங்கின, விஷயம் நீதிமன்றம் போனது. 39.20 டாலராக உயர்த்தியிருந்த பங்கு விலையை 36-ஆகக் குறைத்து 2008 ஜூலையில் முடித்தார்கள். பழைய கடனையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 2400 கோடி டாலர் ஒப்பந்தம். நிறுவனத்தின் மேல் ஏறிய கடன் 2000 கோடி அளவில். இரண்டு மாதத்தில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது, விளம்பரச் சந்தை படுத்தது.

2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்ற அன்று, கிளியர் சேனல் 1850 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்குப் பின் ஆண்டுதோறும் வட்டி மட்டுமே 150 கோடி டாலர் அளவில், பின்னால் அதற்கும் மேல். 2016, 2017-இல் செயல்பாட்டு லாபத்தைவிட வட்டி அதிகம். நிலையங்கள் விளம்பரம் விற்று லாபம் ஈட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்த லாபம் மொத்தமும் வட்டிக்குப் போய், அதற்கும் போதவில்லை. அசலை அடைக்க முடியாமல் தவணையைத் தள்ளித்தள்ளிப் போட்டார்கள். 2014-இல் பெயரை ஐஹார்ட்மீடியா என்று மாற்றினார்கள். 2018 மார்ச்சில் திவால் மனு.

முன்பு நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 2002 தள்ளுபடி தாளில் எழுதிய நட்டம், அதனால் யாருக்கும் சம்பளம் நிற்கவில்லை. 2008 கடன் மாதாமாதம் ரொக்கமாகக் கேட்டது.

கோவை நேயர்:

நம் ஊர்ப் பக்கம் இதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று ஒரு வரி. இந்திய அரசின் தனியார் எஃப்.எம். கொள்கையில், நாட்டில் ஒதுக்கப்பட்ட மொத்த அலைவரிசைகளில் ஒரு நிறுவனம் 15 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 2022 வரை இருந்தது. ஒரே நகரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களாவது அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஒரு ஊரின் எல்லா வணிக நிலையங்களும் ஒரே கையில் என்ற நிலைமை இங்கே வராது. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பவும் இங்கே தனியாருக்கு அனுமதி இல்லை, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே தரலாம். வெள்ளம் வந்தால் கோவையில் எந்தத் தனியார் எஃப்.எம்.மிலும் நிருபர் இருக்கமாட்டார். அது வேறு வருத்தம், தனி இழையில் பேசலாம்.

எதிர்க்காற்று:

கணக்குப்பிள்ளையின் வட்டிக் கணக்கை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கிளியர் சேனலின் தனிப் பாவமாகப் பேசுவது சரியில்லை. 2011-இல் சிட்டடெல் என்ற வானொலி நிறுவனத்தை சுமார் 240 கோடி டாலருக்கு வாங்கிய கியூமுலஸ் 2017-இல் திவால். சி.பி.எஸ். ரேடியோவை 2017-இல் இணைத்துக்கொண்ட என்டர்காம், ஆடசி என்று பெயர் மாற்றி 2024 தொடக்கத்தில் திவால். ஆடசியைத் தனியார் முதலீட்டாளர்கள் வாங்கவில்லை. பெரியவர்கள் மூவரும் விழுந்தார்கள் என்றால் தொழிலே தேய்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

அலைவரிசை:

மூவருக்கும் பொதுவாக இருந்தது என்ன? மூவரும் கடன் வாங்கி அடுத்தவரை வாங்கியவர்கள். தொழில் தேய்ந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. தேய்கிற தொழிலில் கடனில்லாதவர் சுருங்குவார், கடன்காரர் உடைவார். இந்த வித்தியாசத்தைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மிச்சிகனைத் தலைமையிடமாகக் கொண்ட சாகா கம்யூனிகேஷன்ஸைப் பாருங்கள். நடுத்தர, சிறிய ஊர்களில் நூறை ஒட்டிய நிலையங்கள். கடனை எப்போதும் அடக்கியே வைத்திருந்தார்கள். வருமானம் அவர்களுக்கும் குறைகிறது, திவாலாகவில்லை. ஒலிபரப்புத் தொழில் நடத்தும் ஹப்பர்ட் குடும்பம் 2011-இல் பானவில் நிறுவனத்திடமிருந்து 17 நிலையங்களை 50 கோடி டாலர் சொச்சத்துக்கு வாங்கியது. அதில் வாஷிங்டனின் டபிள்யூ.டி.ஓ.பி.யும் ஒன்று. முழுநேரச் செய்தி, போக்குவரத்து, வானிலை என்று நிருபர்களை வைத்து நடத்தும் உள்ளூர் நிலையம். பல ஆண்டுகள் அமெரிக்காவிலேயே அதிக விளம்பர வருமானம் ஈட்டிய ஒற்றை நிலையம் அதுதான். ஆள் வைத்து நடத்தினால் காசு வராது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

டெக்சாஸ்வாசி:

டபிள்யூ.டி.ஓ.பி. உதாரணம் முக்கியமானது, ஆனால் அது தலைநகரம். படித்தவர்கள், நல்ல சம்பளம், தினமும் மணிக்கணக்கில் காரில் உட்காரும் மக்கள். மைனாட் மாதிரி ஊரில் அந்தச் செலவு தாங்காது. சிறிய ஊருக்கு சாகாதான் பொருத்தமான ஒப்பீடு.

அலைவரிசை ஒன்றை விட்டுவிட்டார். விற்றவர்களைப் பற்றியும் பேச வேண்டும். தலைமுறையாக நிலையம் நடத்திய உள்ளூர்க் குடும்பங்கள் 1997, 98-இல் கனவிலும் நினைக்காத விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாளில் அந்தப் பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் நிலையங்களை விற்பனைக்கு வைத்தபோது திரும்ப வாங்க அந்தக் குடும்பங்கள் வரவில்லை. நடத்தத் தெரிந்த ஆட்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

செவ்வந்தி:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. கடைசியாக ஒன்று. திவாலுக்குப் பிறகு இப்போது ஐஹார்ட்மீடியா யாருடையது? மேஸ் குடும்பம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

இல்லை. நிர்வாகம் 2011-லேயே அந்தக் குடும்பத்தைவிட்டு பாப் பிட்மேனிடம் போய்விட்டது, எம்.டி.வி. தொடங்கியதில் பெரும்பங்கு வகித்தவர். பெயினும் தாமஸ் லீயும் போட்ட பணம் திவாலில் கரைந்தது. 2019 மே மாதம் நிறுவனம் திவால் நடவடிக்கையிலிருந்து வெளியே வந்தபோது 1610 கோடி டாலர் கடன் 575 கோடியாகக் குறைக்கப்பட்டது. விட்டுக்கொடுத்த கடன்காரர்களுக்குப் பதிலாக நிறுவனத்தின் பங்குகள் போயின, விளம்பரப் பலகை வியாபாரம் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அமெரிக்க ஒலிபரப்பு உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தில் வெளிநாட்டார் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் ஆணையத்தின் தனி ஒப்புதல் வேண்டும். கடன் பத்திரங்களை வைத்திருந்த முதலீட்டு நிதிகளில் வெளிநாட்டுப் பணம் ஏராளம். ஆகவே பலருக்கு நேரடிப் பங்கு தராமல், பின்னர் பங்காக மாற்றிக்கொள்ளும் வாரண்ட்களைக் கொடுத்தார்கள். சான் அன்டோனியோ ஆட்கள் இருவர் கையெழுத்துப் போட்டுத் தொடங்கியதை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே ஆணையத்துக்கு ஒரு வேலையானது.

இன்று 850-க்கு மேல் நிலையங்கள் இருக்கின்றன, பாட்காஸ்டில் முன்னணியில் இருக்கிறார்கள். கடன் இன்னும் 500 கோடி டாலர் அளவில் நிற்கிறது. 2020 தொடக்கத்தில், கொரோனா முடக்கத்துக்கு முன்பே, சிறிய, நடுத்தர ஊர்களில் மறுபடி பெரிய ஆட்குறைப்பு நடந்தது. பாடத்துக்கு உதாரணம் தேடினால் 2008 முதல் 2018 வரையிலான அவர்களின் ஆண்டறிக்கைகளை வரிசையாக எடுத்து, வட்டி என்ற ஒரு வரியை மட்டும் லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா. ஆண்டறிக்கைகள் எல்லாம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.